எண்பத்தெட்டாவது நிமிடம்

கண்ணாயிரம் செத்த மறுநாள் காலை, பத்திரிகையில் அவர் பெயர் வந்தது. பத்தொன்பது வருடம் மரக்காணம் வட்டாரத்தின் விளையாட்டுச் செய்திகளை எழுதியவர். ஒரு நாளும் அவர் பெயர் வந்ததில்லை. 'நமது நிருபர்' என்றுதான் போடுவார்கள். அன்றைக்கு ஒன்பதாம் பக்கத்தில், அவர் வாழ்நாளில் போட்டே அறியாத கோட்டையும் டையையும் ஒட்டவைத்த படத்தோடு, 'மறைந்த நமது நிருபர் கண்ணாயிரம் கடைசியாக எழுதிய செய்தி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே, மரக்காணம் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம்.

ஆரோக்கியராஜ் அதை டீக்கடையில் நின்றபடி படித்தான். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தான். செய்தியின் கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

"ஆட்டம் சமநிலையில் முடியும் என்று எல்லோரும் எண்ணியிருந்த வேளையில், 88வது நிமிடத்தில் கிளியனூர் முன்கள வீரர் அடித்த பந்து, உப்பளம் அணியின் கோல்கீப்பர் ஆரோக்கியராஜின் இரண்டு கால்களுக்கும் நடுவே அவசரமின்றிப் புகுந்து வலையைத் தொட்டது. 3-2 என்ற கோல் கணக்கில் கிளியனூர் கோப்பையைக் கைப்பற்றியது."

அந்த ஆட்டத்தில் ஆரோக்கியராஜ் ஆடவில்லை. ஆட்டம் நடந்த நேரத்தில் அவன் புதுச்சேரிக்குப் போகும் ஆம்புலன்சில், கண்ணாயிரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோப்பையைக் கிளியனூர் வாங்கவும் இல்லை. உப்பளம் அணிதான் ஒரு கோல் போட்டு ஜெயித்தது. கண்ணாயிரம் அந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை.

டீ ஆறிப்போயிருந்தது. அவன் பத்திரிகையை மடிக்காமல் அப்படியே பெஞ்சில் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

கண்ணாயிரம் பிறந்தது கிளியனூரில். நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போடுகிற குடும்பம். மரக்காணத்து ஜான்சியைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தார். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களைப் பற்றி எழுதி அனுப்பப்போய், பகுதி நேர நிருபரானார். கபடி தெரியும், வாலிபால் தெரியும். கால்பந்து தெரியாது. தெரியாமலே முதல் கால்பந்துச் செய்தியை எழுதினார். 'உப்பளம் அணி வீரர் ஒருவர் பந்தைப் பலமுறை கையால் பிடித்தும் நடுவர் கண்டுகொள்ளவில்லை' என்று அது அச்சாகி வந்தது.

அந்த வீரர் ஆரோக்கியராஜ். அப்போது அவனுக்கு இருபது வயது. உப்பளத்தில் உப்பு வாரும் கூலி. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போனான். கோல்கீப்பர் கையால் பிடிக்கலாம் என்று அவன் சொன்னதும், கண்ணாயிரம் மறுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, வேறு என்னென்ன தனக்குத் தெரியாது என்று கேட்டார். ஆஃப்சைடு என்றால் என்ன என்பதை அன்று பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஆரோவில்லை விட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுப்போட்ட வீடியோ கேம் பெட்டியை, இடையஞ்சாவடியில் ஒரு கடையில் பிடித்துக்கொண்டு வந்தார். கால்பந்து டிஸ்க் ஒன்று அதோடு வந்தது. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் பழைய டிவியில் அதை மாட்டினார். வேண்டுமென்றே ஆளை முன்னால் ஓடவிட்டு, விசில் ஊதும்வரை பட்டனை அமுக்கி அமுக்கி ஆஃப்சைடைக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு முடித்தபிறகும் நிறுத்தவில்லை. பெட்டி இரண்டு தடவை மாறியது. பழக்கம் மாறவில்லை.

உப்பளத்தில் விடிவதற்கு முன்பே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுவார்கள். பதினொரு மணிக்கு ஆரோக்கியராஜ் குளித்துவிட்டு நேரே கடைக்கு வருவான். இரண்டு பேரும் ஆடுவார்கள். விளையாட்டுக்குள் கண்ணாயிரம் இந்த வட்டாரத்து அணிகளையெல்லாம் ஏற்றிவைத்திருந்தார். உப்பளம் அணிக்கு நீலச் சட்டை. ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், உயரம், எந்தக் காலால் அடிப்பான் என்பதுவரை. கிளியனூர் அணியில் தன்னையும் சேர்த்துக்கொண்டார், இருபத்து மூன்று வயதும் தலை நிறைய முடியுமாக. ஆரோக்கியராஜின் கோல்கீப்பிங் திறமைக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று மார்க் போட்டுவைத்திருந்தார். அவன் கேட்டதற்கு, அது தாராளம் என்றார். தோற்கிற நிலை வந்தால் கஸ்டமர் வந்துவிட்டதாகச் சொல்லி ஆட்டத்தை நிறுத்துவார். எட்டிப் பார்த்தால் கடையில் ஈ கூட இருக்காது.

நல்ல மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கோபக்காரர். ஆனால் ஒரு விஷயத்தில் பிசக மாட்டார். பெரிய ஆட்டம் வந்தால், அன்று பகலில் அதே இரண்டு அணிகளையும் பெட்டியில் ஆடிப்பார்ப்பார். ஆடி முடித்ததும் அதையே செய்தியாக போனில் தட்டுவார். கை பழகுவதற்கு. கால்பந்துக்கு வேண்டிய சொற்களை அப்படித்தான் சேர்த்தார். சாயங்காலம் மைதானத்தில் நிஜ ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, பகலில் தட்டியதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். ஒரு வரிகூட மிச்சம் வைக்க மாட்டார்.

"பாக்காத மேட்சை எழுதறவனும், பொணத்தைப் பாக்காம போஸ்ட்மார்ட்டம் எழுதறவனும் ஒண்ணுடா" என்பார்.

ஒருமுறை அரையிறுதியின் பாதியில், ஜான்சிக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்து கிளம்பவேண்டியதாயிற்று. முடிவை யாரிடமாவது கேட்டு எழுதியிருக்கலாம். அவர் 'இடைவேளை வரை' என்று தலைப்புக் கொடுத்து, இடைவேளையோடு செய்தியை முடித்து அனுப்பிவிட்டார். அது அப்படியே அச்சாகிவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று இல்லாத ஒரு ஆட்டச் செய்தி. ஊர் ஒரு மாதம் சிரித்தது. அலுவலகத்தில் திட்டினார்கள். அவர் அந்தப் பக்கத்தை வெட்டிக் கடையில் ஒட்டிவைத்துக்கொண்டார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். நாலு மணிக்கு இறுதி ஆட்டம். பகலில் கண்ணாயிரம் கிளியனூராகவும் ஆரோக்கியராஜ் உப்பளமாகவும் ஆடினார்கள். கடைசி நேரத்தில் இளவயதுக் கண்ணாயிரம் அடித்த பந்து டிவிக்குள் இருந்த ஆரோக்கியராஜின் காலிடுக்கில் போனது. அவர் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் திரும்பிப் போய்விட்டாள். சிரித்துக்கொண்டே தட்டினார். தட்டி முடித்து போனை சார்ஜில் போட்டார். மூன்று மணிக்கு, ஷட்டரை இறக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

ஐந்து பத்துக்கு உயிர் போனது.

அன்று இரவு கண்ணாயிரத்தின் வீட்டுக்கு ராஜ்கமல் வந்தான். பத்திரிகையின் திண்டிவனம் அலுவலகத்தில் அவன் மாவட்ட நிருபர். முப்பது வயதிருக்கும். சாவுச் செய்திக்குப் படம் வேண்டும் என்று ஜான்சியிடம் போனை வாங்கினான். கடையிலிருந்து யாரோ எடுத்துவந்து கொடுத்திருந்த போன். படம் தேடிய இடத்தில் அந்தச் செய்தி கண்ணில் பட்டிருக்கிறது. தேதி அன்றைய தேதி. அணிகள் அன்றைய அணிகள். அந்தப் போனிலிருந்தே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டான். எதிரே முற்றத்தில் உப்பளம் அணி முழுக்க உட்கார்ந்திருந்தது. அதில் ஒருவனைக் கூப்பிட்டு, யாருப்பா ஜெயிச்சது என்று அவன் கேட்கவில்லை. அதுதான் ஆரோக்கியராஜுக்கு ஆறவில்லை. பத்தடி நடந்திருந்தால் போதும்.

டீக்கடையிலிருந்து வந்தவனை அணியின் கேப்டன் குழந்தைசாமி வழிமறித்தான். அந்த ஒரே கோலை அடித்தவன் அவன்தான். மூட்டை தூக்குகிறவன். இருபது வருட ஆட்டத்தில் இறுதி ஆட்டத்தில் அவன் போட்ட முதல் கோல் அது.

"பேப்பர்ல தோத்துட்டோம்டா" என்றான் குழந்தைசாமி. "கிளியனூர்க்காரனுங்க ஸ்டேட்டஸ் வச்சிருக்கானுங்க. கோப்பையைக் கொண்டாந்து குடுங்கன்னு ஒருத்தன் போன் பண்றான்."

குழந்தைசாமிக்குக் கோபமில்லை. செத்தவர் எழுதினது, விட்டுத்தள்ளு என்றான். அது அவர் எழுதிய செய்தியே இல்லை என்று ஆரோக்கியராஜ் விளக்க ஆரம்பித்தான். பெட்டி, ஒத்திகை, அழிப்பது எல்லாவற்றையும் சொன்னான். குழந்தைசாமி கேட்டுக்கொண்டு, அப்போ எழுதினது அவர்தானே என்றான்.

ஆரோக்கியராஜ் ராஜ்கமலுக்கு போன் செய்தான். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவன் பொறுமையாகவே பேசினான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் பெயர் வரட்டும் என்று தான்தான் ஆசிரியரிடம் மன்றாடியதாகச் சொன்னான். திருத்தம் போடவேண்டும் என்று ஆரோக்கியராஜ் சொன்னதும் குரலைத் தாழ்த்தினான்.

"உங்க கஷ்டம் புரியுதுண்ணா. காலுக்கு நடுவுல கோல் விட்டாருன்னு பேர் போட்டு வந்தா யாருக்கும் கோவம் வரும். ஆனா செத்தவரு மேல போயி..."

ஆரோக்கியராஜ் போனை வைத்துவிட்டான். வாயில் வந்த வார்த்தையைச் சொல்லாமல் வைத்தது அவனுக்கே ஆச்சரியம்.

அதன்பிறகு யாரிடம் பேசினாலும் பேச்சு அங்கேதான் வந்து நின்றது. இவனுக்குத் தன் மானம் போய்விட்ட வருத்தம். நண்பன் பிணம் எரிந்து அடங்கவில்லை, அதற்குள் தான் விட்ட கோலைப் பற்றிப் பேசுகிறான் என்றார்கள். விடியற்காலையில் உப்புப் பாத்தியில் இறங்கும்போதே பக்கத்துப் பாத்திக்காரன், காலைச் சேத்து வச்சு நில்லு ஆரோக்கியம், தண்ணி பூந்துடப்போவுது என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். பதில் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். அவன் உப்பை இழுத்து வரப்பில் குவித்தபடி இருந்தான். உண்மையைச் சொன்னால் அது தற்பெருமையாகக் கேட்கிற ஒரு இடத்தில் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்று நினைக்க நினைக்க அவனுக்குப் பல்லைக் கடிக்கவேண்டும்போல் இருந்தது. கண்ணாயிரத்தின்மேலும் கோபம் வந்தது. கை பழகுவதற்குத் தட்டியதை அவ்வளவு நன்றாகத் தட்டியிருக்க வேண்டாம். 'அவசரமின்றிப் புகுந்து'. என்ன திமிர்.

ஜான்சியிடம் போனான். அவள் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து வைத்திருந்தாள். கடை மெஷினில் அவளே செய்தது. அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். அவள் அந்தப் பெட்டியைக் கண்டாலே எரிந்து விழுந்தவள்தான். எந்த நாளிலும் ஒரு ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

"ஒரு தடவை பேர் வந்திருக்குது ஆரோக்கியம். ஒரே தடவை. அதையும் அழிக்கச் சொல்றியா?" என்றாள்.

அவன் எழுந்து வந்துவிட்டான்.

பதினாறாம் நாள் கல்யாண மண்டபத்தில் படத்திறப்பு. கோட்டு போட்ட கண்ணாயிரம் மேடையில் மாலையோடு இருந்தார். வரிசையாகப் பேசினார்கள். கால்பந்தைத் தன் மூச்சாகக் கொண்டவர் என்றார் ஒருவர். கடைசிவரைக்கும் குழந்தை மனசு, அந்த வயதிலும் வீடியோ கேம் ஆடுவார் என்றார் இன்னொருவர். மண்டபம் செல்லமாகச் சிரித்தது. முன்வரிசையில் ஜான்சி குனிந்துகொண்டிருந்தாள். கடைசியாக ராஜ்கமல் வந்தான். சாகிற அன்றைக்குக்கூடத் தன் கடமையைச் செய்துவிட்டுப் போனவர் என்று சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தச் செய்தியை ஜான்சியின் கையில் கொடுத்தான். கைதட்டினார்கள்.

ஆரோக்கியராஜ் எழுந்து நின்றான். மைக் இல்லை. அவனுக்கு மைக் தேவையும் இல்லை. கோலில் நின்று கத்திப் பழகிய தொண்டை.

"நம்ம ஊரு மேட்ச் அரை மணி, அரை மணி. மொத்தமே அறுவது நிமிஷம். இங்க ஆடறவன் பாக்கறவன் எல்லாருக்கும் தெரியும். எம்பத்தெட்டாவது நிமிஷம் எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்திரிகையை அத்தனை பேரும் படித்திருந்தார்கள். ஒருவனுக்கும் அது கண்ணில் படவில்லை.

"டிவி பெட்டிக்குள்ள ஆடின ஆட்டம் அது. நானும் அவரும் ஆடினது. மைதானத்து ஆட்டத்தை அவர் பாக்கல. பாக்காததை அவர் எழுதமாட்டாரு."

"கோல் விட்டதுக்கு எப்படியெல்லாம் வக்கீல் வைக்கறான் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. குழந்தைசாமி எழுந்து, அன்னிக்கு இவன் ஆடவே இல்லை, எங்க லெஃப்ட் பேக்தான் கோல்ல நின்னான் என்று கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை. ஜான்சி சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"போதும் ஆரோக்கியம். உக்காரு."

அவன் உட்காரவில்லை. சாப்பிடாமல் வெளியேறினான்.

ஆனால் ராஜ்கமலுக்கு உறைத்திருக்கவேண்டும். நான்கு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. அதை ஆரோக்கியராஜிடம் கொண்டுவந்தது ஜான்சி. காலை ஒன்பது மணிக்கு, வரப்பின் மேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். உப்பளத்துக்குள் அவள் அதற்குமுன் வந்ததில்லை. உப்பின் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைத் தேடிப் பிடித்தாள்.

"மரக்காணம் கால்பந்துப் போட்டி குறித்து வெளியான செய்தியில் முடிவு தவறாக இடம்பெற்றுவிட்டது. மறைந்த நிருபர் கண்ணாயிரம் உடல்நலக் குறைவு காரணமாகத் தவறான தகவலை அனுப்பிவிட்டதாகத் தெரிகிறது. வருந்துகிறோம்."

"சந்தோஷமா?" என்றாள். "நீ கேட்டது வந்துடுச்சி. பொய்ச் செய்தி அனுப்பினவருன்னு பேர் போட்டுட்டாங்க."

அவன் கையிலிருந்த, உப்பு இழுக்கும் வாருபலகையைத் தூக்கி எறிந்தான். அது அடுத்த பாத்தியின் நீரில் போய் விழுந்தது. பக்கத்துப் பாத்திக்காரன் வாய் திறந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஆரோக்கியராஜ் ஜான்சியிடம், நான் கேட்டது இது இல்லை அண்ணி என்று மட்டும் சொன்னான். அவள் பையிலிருந்து கண்ணாயிரத்தின் போனை எடுத்து நீட்டினாள்.

"இதுல என்ன இருக்குதுன்னு எனக்குப் பாக்கத் தெரியாது. அவர் அனுப்பினாரா? அதை மட்டும் சொல்லு."

அவன் உப்புக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான். வெயிலில் திரை தெரியவில்லை. இரண்டு பேரும் குவித்த உப்பின் நிழலில் குந்தினார்கள். அலுவலகத்துக்குப் போன அந்தச் செய்தியைத் தேடி எடுத்தான். அனுப்பிய நேரம் அதன் அடியிலேயே இருந்தது. இரவு ஏழு நாற்பது.

ஜான்சி அதை உற்றுப் பார்த்தாள். உதட்டுக்குள் எண்ணினாள். ஐந்து பத்து. ஏழு நாற்பது. அவள் எழுந்த வேகத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

பதினொன்றரை பஸ்ஸில் திண்டிவனம் போனார்கள். அவன் சட்டை மாற்றவில்லை. காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. வழி முழுக்க அவன் ராஜ்கமலிடம் கேட்கவேண்டியதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அது கெட்ட வார்த்தையில் முடிந்தது. அலுவலகம் மாடியில் ஒரே அறை. ராஜ்கமல் அவர்களைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டான். ஆரோக்கியராஜ் வாயைத் திறப்பதற்குள் ஜான்சி போனை மேஜைமேல் வைத்தாள்.

"அஞ்சு பத்துக்குச் செத்தவரு ஏழு நாப்பதுக்கு எப்படி தம்பி அனுப்புவாரு?"

ராஜ்கமல் போனைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். நல்லது செய்ய நினைத்துச் செய்ததுதான் என்று ஆரம்பித்தான். மேலே இருப்பவர்கள் கேட்டபோது அப்படிச் சொல்லவேண்டியதாகிவிட்டது, வேலை போய்விடும் என்றிருந்தது என்றான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆரோக்கியராஜுக்கு அது வேண்டியிருக்கவில்லை. எழுது என்றான். இப்பவே, எங்க எதிர்லயே எழுது என்றான்.

"எழுதறேண்ணா. அலுவலகத்துல நடந்த தவறுன்னு போட்டுடறேன்."

"ஆபீஸுக்கு கை இருக்குதா தம்பி?" என்றாள் ஜான்சி. "எங்கிட்ட போனை வாங்கினது நீங்க."

"பேர் போடற வழக்கம் இல்லீங்கக்கா."

"செத்தவரு பேரைப் போட்டீங்களே."

ராஜ்கமல் கணினிப் பக்கம் திரும்பினான். தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். ஜான்சி படிக்கச் சொன்னாள். அவன் தன் பெயரைப் படிக்கும்போது குரல் இறங்கியது. அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். உப்பளம் ஒன்று, கிளியனூர் பூஜ்யம், கோல் அடித்தவர் குழந்தைசாமி என்பதை ஆரோக்கியராஜ் சேர்க்கச் சொன்னான். எத்தனையாவது நிமிடம் என்று ராஜ்கமல் கேட்டான். ஆரோக்கியராஜ் வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான். அவனும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவனில்லை. குழந்தைசாமிக்கு போன் போட்டு ராஜ்கமலின் கையில் கொடுத்தான்.

மறுநாள் வந்தது. ஏழு வரி. ராஜ்கமலின் பெயர் அதில் இல்லை. 'எமது மாவட்ட அலுவலகத்தின் தவறு' என்று மாற்றியிருந்தார்கள். தான் எழுதியதுதான், மேலே வெட்டிவிட்டார்கள் என்று ராஜ்கமல் போனில் சொன்னான். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. குழந்தைசாமியின் கோல் இருந்தது, பதினேழாவது நிமிடம் என்று. கடைசியில், 'கண்ணாயிரம் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அச்செய்தியை அவர் அனுப்பவும் இல்லை' என்று இருந்தது.

ஜான்சி கடையைத் திறந்து வைத்திருந்தாள். பத்திரிகையை அவன் கையில் கொடுத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"பாக்கலைன்னு போட்டுட்டாங்க. போதும் ஆரோக்கியம்."

"எனக்குப் போதாது அண்ணி" என்று ஆரோக்கியராஜ் 'மாவட்ட அலுவலகத்தின் தவறு' என்ற வரிக்கு விரலை நகர்த்தினான்.